கைக்கு எட்டும் பிரேக்

நெடுந்தூர சைக்கிள் பயணத்துக்கு வண்டி தயார் செய்கிறவர்கள் எல்லாரும் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வியில் வந்து நிற்பார்கள். டிஸ்க் பிரேக் போடுவதென்று முடிவாகிவிட்டது. அதை இழுப்பது எது, ஒயரா எண்ணெயா? ஒயர் என்றால் கேபிள் டிஸ்க். எண்ணெய் என்றால் ஹைட்ராலிக் டிஸ்க். விலை, எடை, பிடிப்பு, பராமரிப்பு என்று இதைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் கேட்டவரை எல்லாரும் ஆண்கள். எங்கெங்கோ சுற்றிவிட்டு அவர்கள் கடைசியில் சொல்லும் தீர்ப்பு ஒன்றுதான்: "டூருக்குன்னா கேபிளே போட்டுக்கோங்க மேடம். எந்த ஊர்ல நின்னாலும் எவன் வேணா சரி பண்ணிக் குடுத்துடுவான்."

அந்த 'எவன் வேணா' என்ற இடத்தில்தான் எனக்கு பிரேக் விழுந்தது.

நான் திருவாலங்காட்டுக்காரி. போன ஜனவரியில் ஊரிலிருந்து சைக்கிளில் கிளம்பி திருத்தணி, சோளிங்கர், வேலூர், ஆம்பூர் வழியாக ஏலகிரி ஏறி இறங்கி, பிறகு திருப்பத்தூர், ஊத்தங்கரை, சேலம், ராசிபுரம் என்று கொல்லிமலை வரை போவதென்று திட்டம். ஏலகிரியில் 14 கொண்டை ஊசி வளைவுகள். கொல்லிமலையில் 70. என் எடை 58 கிலோ, சைக்கிள் 15, துணி, கூடாரம், தண்ணீர், கருவிகள் எல்லாம் சேர்ந்து 17. மொத்தம் 90 கிலோ. ஏறுவதைப் பற்றி எனக்குக் கவலை இருக்கவில்லை. முடியாவிட்டால் இறங்கித் தள்ளலாம். இறக்கத்தில் வண்டிதான் நம்மைத் தள்ளும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 90 கிலோ எடை ஆயிரம் மீட்டர் உயரத்திலிருந்து கீழே வரும்போது வெளியேற வேண்டிய ஆற்றல் சுமார் 880 கிலோஜூல். மூன்று லிட்டர் தண்ணீரை அறை வெப்பத்திலிருந்து கொதிக்க வைக்கப் போதுமான சூடு அது. எதிர்க்காற்று ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மீதி முழுவதும், டிபன் தட்டைவிடச் சிறிய இரண்டு எஃகுத் தகடுகளிலும் அவற்றைக் கவ்வும் நான்கு சின்ன வில்லைகளிலும் இறங்கவேண்டும். இறக்க வேண்டியது என் விரல்கள்.

எங்கள் வீட்டில் அப்பா வைத்திருந்தது ராட் பிரேக் சைக்கிள். லீவரை அழுத்தினால் இரும்புக் கம்பிகள் ஒன்றையொன்று இழுத்து, ரிம்மின் உள்பக்கத்தில் ரப்பர் கட்டையைக் கொண்டுபோய் அழுத்தும். மழை பெய்தால் பிரேக் என்பது பெயருக்குத்தான். காலை ஊன்றித்தான் நிறுத்த வேண்டும். ஆனால் அந்த வண்டியில் கெட்டுப்போகக்கூடிய ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும். கேபிள் டிஸ்க்கும் ஏறக்குறைய அந்த வம்சம்தான். லீவர் ஒயரை இழுக்கும். ஒயர், சக்கரத்தின் நடுவில் இருக்கும் கேலிப்பரின் கையை இழுக்கும். பேட் நகர்ந்து டிஸ்க்கை அழுத்தும். பெரும்பாலான மாடல்களில் ஒரு பக்கத்துப் பேட் மட்டும் நகரும், மற்றது சும்மா நிற்கும். இரண்டும் நகரும் வகையும் உண்டு. பேட் தேயத் தேய நாமே திருகித் திருகி அதை டிஸ்க்கின் பக்கத்தில் கொண்டுவர வேண்டும்.

ஹைட்ராலிக்கில் ஒயருக்குப் பதில் எண்ணெய். பள்ளிக்கூடத்தில் படித்த பாஸ்கல் விதிதான். லீவருக்குள் ஒரு சின்னப் பிஸ்டன், கேலிப்பருக்குள் அதைவிடப் பெரிய பிஸ்டன்கள். விரலால் கொடுக்கும் கொஞ்ச விசை அங்கே பெரிதாகிப் போய்ச் சேரும். பேட் தேய்ந்தால் பிஸ்டன் தானே கொஞ்சம் முன்னால் வந்து நின்றுகொள்ளும். தூசி, மழை எதுவும் உள்ளே போகாது. ஒயர் துரு பிடிப்பது, அவுட்டருக்குள் மண் சேர்ந்து இறுகுவது என்ற தொல்லை கிடையாது. கேபிள் தினம் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடும், தினம் கொஞ்சம் சரிசெய்யலாம். ஹைட்ராலிக் கெடவே கெடாது. கெட்டால், லீவர் ஒரேயடியாக ஹேண்டில் பாரில் போய் ஒட்டிக்கொள்ளும். அப்போது எண்ணெய், ஊசிக்குழல், குழாய் எல்லாம் வைத்துக்கொண்டு ஏர் எடுக்க வேண்டும். நடுரோட்டில் நடக்கிற வேலையல்ல.

இதுவரைக்கும் சொன்னதில் ஆண் பெண் வித்தியாசம் எதுவும் இல்லை என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, கடைக்குப் போகும் வரை.

சென்னையில் ஒரு பெரிய சைக்கிள் கடை. கேபிளும் ஹைட்ராலிக்கும் போட்ட வண்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி லீவரைப் பிடித்துப் பார்க்கவேண்டும் என்று கேட்டேன். "யாருக்கு மேடம், பையனுக்கா?" எனக்குத்தான் என்றதும் பூப்போட்ட ஹேண்டில் கவரும் முன்கூடையும் உள்ள வண்டி இருக்கும் வரிசைக்கு என்னை அழைத்துப் போனார். திரும்பி நடந்து வந்து நானே பிடித்துப் பார்த்தேன். அங்கே தெரிந்துகொண்டது ஒன்று: முதலில் இருப்பது பிடிமானம் பற்றிய கேள்வியே அல்ல, தூரம் பற்றிய கேள்வி. ஹேண்டில் பாரில் உள்ளங்கையை வைத்தால் என் ஆள்காட்டி விரலின் நுனிதான் லீவரைத் தொட்டது. விரல் நுனியால் ஒயரை இழுப்பது, கிணற்று வாளியைச் சுண்டுவிரலால் தூக்குவது மாதிரி. எந்தக் கையை நினைத்து அந்த லீவரைச் செய்தார்களோ, அது என் கை அல்ல. பியானோ கட்டைகள், கைப்பேசிகள், கார் பெல்ட்டுகள் என்று ஆணின் அளவையே மனித அளவாக எடுத்துக்கொண்ட பொருள்களைப் பற்றி கரோலின் கிரியாடோ பெரெஸ் 2019-ல் ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். அந்த வரிசையில் பிரேக் லீவரையும் தாராளமாகச் சேர்க்கலாம்.

பல லீவர்களில் ஒரு சின்னத் திருகாணி இருக்கிறது. அதைத் திருகினால் லீவர் ஹேண்டிலுக்கு நெருங்கி வரும். இந்த விஷயத்தைக் கடையில் யாரும் தானாக எடுத்துச் சொல்லவில்லை. அவர்களுக்கு அதைத் தொடத் தேவையே வந்திருக்காது.

கை எட்டாதவள் இறக்கத்தில் என்ன செய்வாள் என்று யோசித்துப் பாருங்கள். தேவைப்படும் இடத்தில் ஒரே அழுத்தில் நிறுத்திவிட முடியும் என்ற நம்பிக்கை அவளுக்கு இல்லை. ஆகவே மேலிருந்து கீழ்வரை லேசாகப் பிடித்தபடியே வருவாள். அதுதான் இருப்பதிலேயே மோசமான முறை. டிஸ்க் ஆறுவதற்கு நேரமே கிடைக்காது. பேட் சூடேறிப் பளபளத்துப் பிடிப்பை இழக்கும். எண்ணெயில் ஈரம் ஏறியிருந்தால் அது கொதித்துக் குமிழி வரும். வளைவுக்கு முன்னால் பலமாகப் பிடித்து, வேகத்தைக் கொன்று, பிறகு முழுக்க விட்டுவிட வேண்டும். "பொம்பளைங்க பயந்து பயந்து பிரேக் புடிப்பாங்க" என்று ஒருவர் எனக்குப் பாடம் எடுத்தார். அது பயமல்ல. லீவர் எட்டவில்லை.

எங்கள் ஊரில் இந்த மாதிரித் தோல்விக்கு ஒரு பழைய கதை உண்டு. ரத்தின சபை என்று பெயர் பெற்ற வடாரண்யேசுவரர் கோயில் இங்கேதான். சிவனும் காளியும் ஆடிய போட்டி நடந்த இடம் என்பார்கள். சமமாக ஆடிக்கொண்டிருந்தபோது சிவனின் குழை கீழே விழ, அவர் அதைக் காலாலேயே எடுத்துக் காலைத் தூக்கிக் காதில் மாட்டினார். காளி அப்படிக் காலைத் தூக்க நாணித் தோற்றாள். ஆட்டம் தெரியாமல் அவள் தோற்கவில்லை. சின்ன வயதில் அப்பாவின் சைக்கிளில் நான் குரங்குப் பெடல் போட்டுக் கற்றுக்கொண்ட நாள்களில், பார் கம்பிக்கு மேல் காலைத் தூக்கிப் போடப் பார்த்தால் தெருவே அதட்டும். கம்பிக்கு அடியில் காலை நுழைத்து உடம்பைக் கோணிக்கொண்டு ஓட்டலாம், அதில் அவர்களுக்கு ஆட்சேபம் இல்லை.

1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டது எல்லாரும் அறிந்த வரலாறு. ஷீலா ராணி சுங்கத் அப்போது ஆட்சியர். அதில் எனக்கு மிகவும் பிடித்தது, பி. சாய்நாத் பதிவுசெய்த ஒரு சின்ன விவரம். லேடீஸ் சைக்கிள் போதாமல் ஜென்ட்ஸ் சைக்கிளில் ஓட்டியவர்களில் சிலர் அதையே விரும்பினார்களாம். காரணம், அந்தப் பார் கம்பியில் ஒரு குழந்தையை உட்கார வைக்கலாம். நமக்கு ஆகாது என்று சொல்லி வைத்திருந்த கம்பியைப் பார்த்து, இது எதற்கு உதவும் என்று தங்கள் வேலையிலிருந்து யோசித்தார்கள். பிரேக் விஷயத்திலும் நான் அப்படித்தான் யோசிக்கப் பார்த்தேன்: என் பயணத்தில், என் கையில், இது எதற்கு உதவும்?

இனி 'எந்த ஊரிலும்' என்ற வாதத்துக்கு வருகிறேன். அது பாதி உண்மை. பிரேக் இன்னர் ஒயர் எங்கள் பக்கத்துச் சைக்கிள் கடைகளில் தொங்கிக்கொண்டிருக்கும். டீ வடை காசுக்குக் கிடைக்கும். ஆனால் ஒயர் முனையில் இருக்கும் குண்டு எந்த வடிவம் என்று பார்க்க வேண்டும். நேர் ஹேண்டில் லீவருக்கு உருளை முனை, வளைந்த ஹேண்டில் லீவருக்குப் பேரிக்காய் முனை. மாறிப்போனால் உட்காராது. அதைவிட, டிஸ்க் பேட் என்பது கேபிளானாலும் ஹைட்ராலிக்கானாலும் கேலிப்பருக்குக் கேலிப்பர் மாறும். அது திருவாலங்காட்டிலும் கிடைக்காது, ஊத்தங்கரையிலும் கிடைக்காது. கையோடுதான் கொண்டுபோக வேண்டும். ஆக, உண்மையிலேயே 'எந்த ஊரிலும்' கிடைக்கும் பிரேக் அப்பாவின் ரப்பர் கட்டை ஒன்றுதான்.

மறுபாதி, அந்த 'எவன் வேணா'. அவன் இருக்கும் கடைக்கு நான் போய் நிற்க வேண்டும். ஆந்திர எல்லையைத் தாண்டி நகரி, புத்தூர்ப் பக்கம் நிறைய ஓட்டியிருக்கிறேன். தமிழும் தெலுங்கும் கலந்து பேசும் ஊர்கள். ஒருமுறை பின் பிரேக் உரசுகிறது என்று ஒரு கடையில் நிறுத்தினேன். கடைக்காரர் நல்ல மனிதர், கை சுத்தமான வேலைக்காரர். ஆனால் ஐந்து நிமிடத்தில் முடியும் வேலை முக்கால் மணி நேரம் ஆனது, ஏனென்றால் சுற்றி ஆறு பேர் கூடிவிட்டார்கள். கூட யாரும் வரவில்லையா, வீட்டில் எப்படி விட்டார்கள், எத்தனை பிள்ளைகள், ராத்திரி எங்கே தங்குவேன். கடைசிக் கேள்விக்கு நான் எப்போதும் பொய்தான் சொல்வேன். கேட்டவர்கள் எல்லாரும் கெட்டவர்களா? இல்லை. அவர்களில் யார் கெட்டவர் என்று அந்த முக்கால் மணி நேரத்தில் கண்டுபிடிக்கும் வேலை என் தலையில் விழுகிறது, அவ்வளவுதான். ஓர் ஆண் அதே கடையில் டீ குடித்தபடி இளைப்பாறுவான்.

தனியாக வழிபோகும் பெண்ணைப் பற்றி எங்கள் மண்ணுக்கு ஒரு நீண்ட நினைவு உண்டு. காரைக்கால் வணிகனின் மனைவி புனிதவதி, கணவன் விட்டுப் போனபிறகு, இந்த உடம்பின் அழகு இனி வேண்டாம் என்று பேயுருவம் கேட்டு வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகுதான் அவர் பயணம் தொடங்குகிறது. கயிலையைத் தலையால் நடந்து ஏறி, திருவாலங்காட்டில் வந்து அமர்ந்து பதிகம் பாடினார். அவர் தலையால் நடந்த மண் என்று சம்பந்தர் இந்த ஊரில் கால் வைக்கத் தயங்கியதாகப் பெரியபுராணம் சொல்கிறது. இன்னொருத்தி பக்கத்துப் பழையனூரின் நீலி. காட்டு வழியில் கூட்டிப்போன கணவனாலேயே கொல்லப்பட்டு, பேயாகத் திரும்பி வந்து பழிதீர்த்தவள். அவளுக்கு நேர்ந்த கொலையை மொழி மறந்துவிட்டது. பொய் அழுகைக்கு 'நீலிக் கண்ணீர்' என்று பெயர் வைத்து அவள் அழுததை மட்டும் ஞாபகம் வைத்திருக்கிறது. ஆக, எங்கள் பக்கத்துக் கதைகளில் வழிநடந்த பெண்கள் இருவருமே பேய்கள். துணையோடு போனவள் செத்தாள், தனியாகப் போனவள் பெண்ணுருவத்தைக் கழற்றிவைத்துவிட்டுப் போனாள். "கூட யாரும் வரலையாம்மா?" என்ற கேள்வி சும்மா வரவில்லை.

ஆகவே எனக்கு 'எவன் வேணா சரி பண்ணுவான்' என்பது கேபிளுக்கு ஆதரவான வாதமாகவே தெரியவில்லை. எவனிடமும் போகாமல் நானே சரி பண்ண முடியுமா என்பதுதான் கேள்வி. 1963-ல் அயர்லாந்திலிருந்து டெல்லிவரை தனியாகச் சைக்கிளில் வந்த டெர்வ்லா மர்ஃபி, கிளம்புவதற்கு முன் வண்டியின் கியரைக் கழற்றிவிட்டுத்தான் கிளம்பினார். நம் பக்கத்துச் சாலைகளுக்கு அது தாங்காது என்று கணக்கு. வசதியை விட்டுக்கொடுத்து வழியில் பிறரை நம்ப வேண்டிய தருணங்களைக் குறைத்துக்கொள்வது. எனக்கு அந்தக் கணக்கு புரிந்தது. கேபிள் என்று மனதுக்குள் முடிவு செய்துவிட்டேன்.

அந்த முடிவைச் சொன்னபோது அக்கா சிரித்தார். பொதட்டூர்பேட்டைக்காரர், என்னைவிட எட்டு வயது மூத்தவர். பன்னிரண்டு வயதில் தறியில் உட்கார்ந்தவர். இப்போது விரல் கணுக்கள் எல்லாம் புடைத்து, காலையில் எழுந்தால் டம்ளரைப் பிடிக்கவே கால் மணி நேரம் ஆகும். நாற்பத்தைந்து வயதுக்கு மேல் சைக்கிள் கற்றுக்கொண்டு, இன்று என்னோடு ஞாயிற்றுக்கிழமைகளில் எண்பது கிலோமீட்டர் ஓட்டுகிறார். அவர் வண்டியில் ஹைட்ராலிக். இரண்டு விரலால் தொட்டால் நிற்கும். கேபிள் வண்டியை ஒருமுறை திருத்தணி மலைச்சாலையில் ஓட்டிப் பார்த்துவிட்டு, பாதி இறக்கத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தவர்.

"நீ சொல்றது கரெக்ட்டு. உனக்கு ரிப்பேர் பண்ண கை இருக்குது. எனக்கு பிரேக்கு புடிக்கவே கை இல்ல. அப்ப நான் வீட்லயே குந்திகினு இருக்கணுமா?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, இன்றைக்கும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். நாமே எல்லாம் செய்துகொள்ள வேண்டும், யாரையும் எதிர்பார்க்கக் கூடாது என்ற பேச்சு நம் கூட்டங்களில் அடிக்கடி வரும். ஆரோக்கியமான விரல்கள் உள்ளவர்களுக்கு அது சுலபமான பேச்சு. ஐம்பது வருஷம் துணி நெய்து தேய்ந்த கைக்கு அதையே சொன்னால், அது பெண்ணுடம்பின்மேல் வைக்கும் இன்னொரு பரீட்சையாகிவிடும். ஊரில் பாதி ஆண்கள் காரின் பானெட்டைத் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள். ஒர்க் ஷாப்பை நம்பி இருக்கிறாயே என்று அவர்களை யாரும் கேட்பதில்லை.

அக்காவிடம் ஒரு இளைஞன் இதைக் கேட்டதுண்டு. "ஆயில் போச்சுன்னா ரோட்ல இன்னா பண்ணுவீங்க ஆன்ட்டி?" அவன் உட்கார்ந்திருந்த பைக்கின் முன்சக்கரத்தைக் காட்டி அக்கா கேட்டார்: "இதுல இருக்கறதும் ஆயில் டிஸ்க்குதான? இது போச்சுன்னா நீ இன்னாடா பண்ணுவ?"

அந்தப் பதிலில் விஷயம் இருக்கிறது. மோட்டார் பைக்கின் டிஸ்க் பிரேக்குக்கு ஏர் எடுக்கத் தெரிந்த மெக்கானிக் இன்று சின்ன ஊர்களிலும் உண்டு. சைக்கிள் ஹைட்ராலிக்கும் அதே தத்துவம்தான். ஆனால் எண்ணெய் ஒன்றல்ல, அங்கேதான் கவனம் வேண்டும். பைக்குக்கு ஊற்றுவது டாட் 3, டாட் 4 வகைத் திரவம். ஷிமானோ சைக்கிள் பிரேக்குகளுக்கு மினரல் ஆயில். ஒன்றில் மற்றொன்றை ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல் ஊதிப்போய் பிரேக்கே பாழாகும். ஸ்ராம் பிரேக்குகளில் பெரும்பாலானவை டாட் வகை. அவசரத்துக்கு பைக் ஸ்பேர் கடையில் வாங்கிய டப்பா உதவும், லீவரிலோ கேலிப்பரிலோ எழுதியிருப்பதைப் படித்துப் பார்த்துவிட்டு. டாட் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், பெயின்ட்டை அரிக்கும். மினரல் ஆயில் அப்படியில்லை. அக்காவின் வண்டியில் இருப்பது மினரல். ஐம்பது மில்லி பாட்டில் ஒன்றைப் பையில் வைத்திருக்கிறார், அதில் 'பைக் ஆயில் ஊத்தாதே' என்று தமிழிலும் தெலுங்கிலும் எழுதி ஒட்டி.

நான் கேபிளே போட்டேன். ஆனால் கடையில் தந்தபடி அல்ல. லீவரை மாற்றி, கைக்கு நெருக்கமாக வைக்கக்கூடிய குட்டை லீவர் போட்டேன். அவுட்டரை மாற்றினேன், சாதாரண பிரேக் அவுட்டருக்குள் சுருள் கம்பி இருக்கும், அழுத்தும்போது அது கொஞ்சம் நசுங்கி நம் விசையைத் தின்றுவிடும். நீளவாக்கில் கம்பி ஓடும் நசுங்காத அவுட்டர் தனியாகக் கிடைக்கிறது. இரண்டு பேடும் நகரும் கேலிப்பர். முன்சக்கரத்துக்கு 180 மில்லிமீட்டர் டிஸ்க். ஃபோர்க் அதைத் தாங்கும் என்று பார்த்துவிட்டுத்தான். டிஸ்க் பெரிதானால் அதே விரல் விசைக்குக் கூடுதல் பிடிப்பு, சூடும் சீக்கிரம் ஆறும். இந்த வேலைகள் எல்லாவற்றையும் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நானே செய்தேன். தேவைப்பட்டது ஒரு ஆலன் கீ செட், ஒயர் வெட்டும் நல்ல கட்டர், பொறுமை. திண்ணையிலும் கூட்டம் கூடியது. ஆனால் இது என் திண்ணை. கேள்வி கேட்டவர்களிடம் ஸ்பேனரைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன்.

கிருத்திகை இல்லாத ஒரு வார நாளில் விடியற்காலை திருத்தணி மலைச்சாலையில் முழுச் சுமையோடு ஆறு முறை ஏறி இறங்கிப் பார்த்தேன். இரண்டு விரலில் நின்றது. ஹைட்ராலிக் அளவுக்கு மெத்தென்று இல்லை. அது மெத்தென்றுதான் இருக்கும், அதை மறுத்துப் பேசுவதில் அர்த்தமில்லை. மூன்றாவது இறக்கத்துக்குப் பிறகு முன்கை கொஞ்சம் கனத்தது. ஆனால் ஒவ்வொரு சத்தத்துக்கும் காரணம் எனக்குத் தெரிந்திருந்தது.

ஏலகிரிவரை அக்காவும் கூட வந்தார். மலையிலிருந்து இறங்கும்போது வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தது. அவர் வளைவுக்கு முன்னால் ஒரு தொடு தொட்டு, விட்டு, பாட்டை முணுமுணுத்துக்கொண்டு இறங்கினார். நான் ஒன்பதாவது வளைவில் நிறுத்தி, பேடை அரைச் சுற்று உள்ளே திருகினேன். அவர் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து கடலை தின்றபடி காத்திருந்தார். இரண்டு சுற்றுலா வேன்கள் நின்றன. "எதாவது உதவி வேணுமா?" வேண்டாம் என்றேன். நான் முடித்துக் கையைத் துடைக்கும்வரை ஒரு வேன் நகரவில்லை. உதவி செய்ய ஆசையா, வேடிக்கையா தெரியவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

அடிவாரத்தில் அக்காவின் தங்கை மகன் டாடா ஏஸோடு வந்து அவரையும் வண்டியையும் ஏற்றிக்கொண்டான். நான் திருப்பத்தூர் ரோட்டில் திரும்பினேன். தனியாக ஓட்டிய அந்த ஐந்து நாள்களைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்; பிரேக்கைவிட அதிகமாக என் நேரத்தைத் தின்றது கழிவறை தேடுவதுதான் என்று மட்டும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

கொல்லிமலை இறக்கத்தில், 43 என்று எழுதிய வளைவில் ஓரமாக நிறுத்தி, டிஸ்க் ஆறட்டும் என்று காத்திருந்தபோது கைப்பேசியில் அக்காவின் குரல் பதிவு வந்திருந்தது. வண்டியை ஏற்றும்போது முன்சக்கரத்தைக் கழற்றியிருக்கிறார்கள். வழியெல்லாம் தங்கை மகன் விளையாட்டாக லீவரை அமுக்கிக்கொண்டே வந்திருக்கிறான். நடுவில் டிஸ்க் இல்லாததால் பிஸ்டன்கள் வெளியே வந்து இரண்டு பேடும் ஒட்டிக்கொண்டன. வீட்டுக்குப் போய்ச் சக்கரத்தை மாட்டப் பார்த்தால் டிஸ்க் நுழையவில்லை. கடைக்குத் தூக்கிக்கொண்டு போகலாம் என்று அவன் சொல்லியிருக்கிறான்.

"கடைக்கெல்லாம் போவல. ஸ்பூனு காம்ப நடுவுல உட்டு மெல்ல மெல்ல அமுக்கினேன், உள்ள போய்ட்சி. எண்ணெ ஒரு சொட்டு கூட கீழ வுழல. கையி மட்டும் வலிக்குது. நீ எந்த வளைவுல இருக்க?"

நாற்பத்து மூன்று என்று பதில் அனுப்பிவிட்டு, பேடைக் கால் சுற்று உள்ளே திருகினேன்.